பக்கவாதம் வந்த மூளையைக் குளிர்விக்கலாமா? முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பக்கவாதம் வந்தவரின் மூளையைக் குளிர்வித்தால் சேதம் குறையும் என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். குளிர்ந்த தொப்பி, குளிர்ந்த உப்புநீர், உடம்பைச் சுற்றி ஒட்டும் குளிர் மெத்தை என்று படங்களோடு வரும். அது பொய்ச் செய்தி என்று சொல்ல மாட்டேன், பாதிச் செய்தி. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கிடைத்த பலன் மனிதர்களுக்கு எவ்வளவு கிடைத்தது, அதற்காக நோயாளிகள் என்ன பாடுபட்டார்கள் என்ற மீதிப் பாதி பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறும்போது குடும்பத்தார் சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல முடிவுகளுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியிருக்கும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா, குழாய் விட்டு அடைப்பை எடுக்கலாமா, ஐசியுவில் வைத்து உடலைக் குளிர்விக்கலாமா, மண்டை ஓட்டைத் திறக்கலாமா? ஒவ்வொன்றும் என்ன தருகிறது, பதிலுக்கு என்ன கேட்கிறது என்று பதற்றம் இல்லாத நேரத்தில் ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் குளிர்விப்பு சிகிச்சையைத் தேடி ஒரு நிமிடம்கூட அலையக் கூடாது. அந்த நிமிடம் அடைப்பைத் திறப்பதற்கு உரியது. வெப்பநிலை விஷயத்தில் குடும்பம் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு, காய்ச்சல் வராமல் பார்ப்பது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கீழே.

குளிர்ச்சிமேல் ஏன் இத்தனை நம்பிக்கை

பக்கவாதங்களில் ஏறக்குறைய 85 சதவீதம் ரத்தக்குழாய் அடைப்பால் வருகின்றன. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. அடைப்பு ஏற்பட்டால் அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதியின் நடுப்பாகம் சில நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும். அது வேலை செய்வதை நிறுத்தியிருக்கும், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கும். முதல் நாளில் செய்யப்படும் பெரிய சிகிச்சைகள் எல்லாம் இந்தச் சுற்றுப் பகுதியைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டு அப்படியே கிடந்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ல் கணக்கிட்டார்.

குளிர்ச்சி உள்ளே வருவது இந்த இடத்தில்தான். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய 6, 7 சதவீதம் குறையும். அதோடு, மூச்சுத் திணறும் நரம்பணுக்கள் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டுவதும், அதனால் பக்கத்து அணுக்கள் நச்சேறி அழிவதும், அழற்சியும், மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு ஓட்டையாகி வீக்கம் வருவதும் குளிரில் மட்டுப்படுகின்றன. ஒரு மருந்து இவற்றில் ஏதோ ஒரு கதவைத்தான் அடைக்கும், குளிர்ச்சி எல்லாவற்றிலும் கைவைக்கிறது. 2007ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 3000க்கும் மேற்பட்ட விலங்குகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. குளிர்வித்த விலங்குகளில் அழிந்த மூளைப் பகுதியின் அளவு 44 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அதே தொகுப்பாய்வை இன்னும் கொஞ்சம் படித்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் படும். அடைப்பு ஏற்படுவதற்கு முன்போ அந்த நொடியிலேயோ குளிர்விக்கத் தொடங்கியபோதுதான் பலன் அதிகம். 31 டிகிரிக்கும் கீழே இறக்கியபோது அதிகம். அடைப்பைப் பிறகு திறந்துவிட்ட விலங்குகளில் அதிகம். மனிதருக்கு வரும் பக்கவாதத்தில் இந்த மூன்றில் முதல் இரண்டும் நடக்காத காரியம். மூன்றாவது மட்டும் இன்று நடக்கக்கூடியதாகியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அடைப்பைத் திறப்பது: இதற்கு மாற்று இல்லை

கட்டியைக் கரைக்கும் அல்ட்டிப்ளேஸ் ஊசி 1995ல் நிரூபிக்கப்பட்டது. அப்போது அதற்கான கெடு 3 மணி நேரம். 2008ல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. 3 மணி நேரத்துக்குள் போட்டால், பெரிய ஊனம் இல்லாமல் மீள்பவர்கள் 100க்கு சுமார் 23 பேரிலிருந்து 33 பேராக உயர்கிறார்கள். ஆபத்தும் உண்டு. 1995 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் பாதிப்பு தரும் ரத்தக்கசிவு வந்தது, போடாதவர்களில் 0.6 சதவீதம். இந்தக் கசிவையும் கணக்கில் சேர்த்த பிறகும் லாபம் ஊசியின் பக்கம்தான். இப்போது டெனக்டிப்ளேஸ் என்ற, ஒரே தடவையில் செலுத்தி முடிக்கக்கூடிய மருந்தும் வந்துவிட்டது.

பெரிய குழாய் அடைபட்டிருந்தால் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. தொடையிலோ மணிக்கட்டிலோ இருக்கும் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய்க் கட்டியை இழுத்தெடுக்கும் முறையை 2015ல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து உறுதிப்படுத்தின. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம், பெறாதவர்களில் 26.5 சதவீதம். 2018ல் வெளியான ‘டான்’ ஆய்வு, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் மிச்சம் இருப்பது தெரிந்தால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் இதைச் செய்யலாம் என்று காட்டியது. அங்கே வித்தியாசம் 49 சதவீதத்துக்கு 13 சதவீதம். நரம்பியலில் இப்படிப்பட்ட எண்கள் அபூர்வம்.

ஆகவே குளிர்விப்பதா, திறப்பதா என்று யாராவது கேட்டால் அதைத் தேர்வாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. திறக்க வாய்ப்பு இருக்கும்போது திறக்க வேண்டும். தலையில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பது, ‘கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்று பார்ப்பது, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஆஸ்பிரின் கொடுப்பது எல்லாம் கெடுதல். வந்திருப்பது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் சொல்லும் வரை யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கலாம். விழுங்க முடியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைச் சரியாகச் சொல்வது. ஊசிக்கான கெடு அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

உடல் முழுவதையும் குளிர்விப்பது

‘பச்சிளம் குழந்தைக்குச் செய்கிறார்களே, மாரடைப்பில் இதயம் நின்றவருக்குச் செய்கிறார்களே, இவருக்கு ஏன் கூடாது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் ஏறக்குறைய 33.5 டிகிரியில் வைப்பது, வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிலைபெற்ற சிகிச்சை. ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை மரணத்திலிருந்தோ கடும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது. ஆனால் அங்கேயும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021ல் வெளியான ‘ஹெலிக்ஸ்’ ஆய்வில் குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காத குழந்தைகளில் 31 சதவீதம். ஓரிடத்தில் உயிர் காத்த சிகிச்சை இன்னோரிடத்தில் அப்படியே பலிக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இல்லை.

இதயம் நின்று மீண்டவர்கள் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 2002ல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 32 முதல் 34 டிகிரி வரை குளிர்விப்பது நல்லது என்றன, உலகம் முழுக்க அது நடைமுறையானது. 2013ல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. 2021ல் சுமார் 1900 நோயாளிகளோடு நடந்த ஆய்வு, 33 டிகிரிக்குக் குளிர்விப்பதற்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. பலன் முழுக்கக் குளிரால் வந்ததா, காய்ச்சல் தடுக்கப்பட்டதால் வந்ததா என்று மருத்துவ உலகம் திரும்ப யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தலைக்காயத்திலும் குளிர்விப்பு ஏமாற்றியது. மண்டைக்குள் அழுத்தம் கூடியவர்களைக் குளிர்வித்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு, தீங்குக்கான அறிகுறி தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

பக்கவாத நோயாளிக்கும் இவர்களுக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. அந்தக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், பெரும்பாலும் செயற்கை சுவாசத்தில் இருக்கிறது. இதயம் நின்று மீண்டவர் கோமாவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். பக்கவாத நோயாளி பெரும்பாலும் விழித்திருக்கிறார். விழித்திருக்கும் உடலைக் குளிர்வித்தால் அது சும்மா இருக்காது. முதலில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். ஏறக்குறைய 35.5 டிகிரிக்கு இறங்கும்போது நடுக்கம் தொடங்கும். நடுங்கும் தசைகள் ஆக்ஸிஜனை வாரி விழுங்கும், வெப்பத்தை உண்டாக்கும், இதயத்துக்குச் சுமை ஏற்றும். ஆக்ஸிஜன் தேவையைக் குறைக்கத்தானே குளிர்விக்கத் தொடங்கினோம்?

நடுக்கத்தை அடக்கப் பெத்திடின், பஸ்பிரோன், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகள் கொடுக்கிறார்கள், உள்ளே குளிர்வித்துக்கொண்டே தோலைச் சூடாக்கி உடலை ஏமாற்றுகிறார்கள். இவை ஓரளவு வேலை செய்கின்றன. ஆனால் அந்த மருந்துகள் நோயாளியை மந்தமாக்குகின்றன. மந்தமானவர் சளியை இருமித் துப்ப மாட்டார், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். பக்கவாதத்தால் விழுங்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். இதன் விளைவு 2010ல் வெளியான ‘இக்டஸ்-எல்’ ஆய்வில் வெளிப்படையாகத் தெரிந்தது. தொடை வழியாகப் பெருஞ்சிரைக்குள் குளிர்விக்கும் குழாய் செலுத்தி 24 மணி நேரம் 33 டிகிரியில் வைக்கப்பட்ட 28 பேரில் 14 பேருக்கு நிமோனியா வந்தது, குளிர்விக்காத 30 பேரில் 3 பேருக்கு. மரண விகிதத்தில் கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் பாதிப் பேருக்கு நிமோனியா என்பது லேசாக எடுத்துக்கொள்ளக்கூடியது இல்லை. முதியவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு உயிருக்கு எமனாக வரும் நோய்களில் நிமோனியா முன்வரிசையில் இருக்கிறது.

இதோடு ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, மீண்டும் வெப்பமேற்றும்போது அது திடீரென்று கூடுவது, நாடித்துடிப்பு குறைவது, சர்க்கரை ஏறுவது, குழாய் செலுத்திய சிரையில் ரத்தம் உறைவது என்று கவனிக்க வேண்டிய பட்டியல் நீளம்.

சரி, இத்தனையும் தாண்டிப் பலன் இருக்கிறதா? அதைத் தீர்த்துவைக்கத்தான் ஐரோப்பாவில் ‘யூரோஹைப்-1’ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. பக்கவாதம் வந்து 6 மணி நேரத்துக்குள், விழித்திருக்கும் நோயாளிகளை 34 முதல் 35 டிகிரிக்குக் குளிர்விப்பது திட்டம். 1500 பேர் தேவை என்று கணக்கிட்டார்கள். 98 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. குளிர்விக்கப்பட்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினரே குறித்த வெப்பநிலையை எட்டினார்கள். 2019ல் முடிவு வெளியானது: பலன் எதுவும் தெரியவில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் நடந்த ‘இக்டஸ் 2/3’ ஆய்வும் 120 பேரோடு நின்றுபோனது. காரணம் கவனிக்க வேண்டியது. 2015ல் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை நிரூபணமாகிவிட்டது, அதோடு பழைய ஆய்வுத் திட்டம் பொருந்தாமல் போனது. அமெரிக்க இதய சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் குளிர்விப்பின் பலன் உறுதியாகவில்லை என்றுதான் சொன்னது.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நல்ல யோசனை, உழைத்த ஆய்வாளர்கள், நம்பிப் படுத்த நோயாளிகள், ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் வருத்தத்தை வைத்து ஒரு மனிதருக்குச் சிகிச்சை முடிவு செய்ய முடியாது. ஆய்வுக்கு வெளியே, வழக்கமான பக்கவாதத்துக்கு உடல் முழுவதையும் குளிர்விக்கலாம் என்று யாராவது பரிந்துரைத்தால், என்ன ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

மூளையை மட்டும் குளிர்விப்பது

உடல் நடுங்குவதுதான் சிக்கல் என்றால் தலையை மட்டும் குளிர்வித்தால் என்ன என்று தோன்றும். தொப்பி விற்பவர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் மூளைக்கு நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு 37 டிகிரி ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிறது. வெந்நீர் ஓடும் குழாயின் வெளிப்புறத்தில் ஐஸ் கட்டியைத் தேய்ப்பது மாதிரிதான் இது. தோலும் மண்டை ஓடும் அதற்கு அடுத்த மேற்பரப்பும் கொஞ்சம் குளிரலாம், பெரியவர்களின் தலையில் ஆழத்தில் இருக்கும் பகுதிக்கு அந்தக் குளிர் போய்ச் சேராது. மூக்கு வழியாகக் குளிர்விக்கும் கருவியும் இருக்கிறது. இதயம் நின்றவர்களிடம் அதை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019ல் வெளியானது, அதிலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. பக்கவாதத்துக்கு இந்த இரண்டையும் நம்பி முடிவெடுக்க எதுவும் இல்லை.

இந்த வரிசையில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது ஒன்றுதான். கட்டியை இழுத்தெடுக்க ஏற்கெனவே மூளைக்குள் குழாய் போய் நிற்கிறதல்லவா, அதே குழாய் வழியாக 4 டிகிரி உப்புநீரைப் பாதிக்கப்பட்ட பகுதிக்கே நேராகச் செலுத்துவது. பெய்ஜிங்கில் ஷுவான்வூ மருத்துவமனையைச் சேர்ந்த குழு 2016ல் 26 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தது. சுமார் 350 மில்லி, கொஞ்சம் அடைப்பு திறப்பதற்கு முன்பு, பெரும்பகுதி திறந்த பிறகு. பாதிக்கப்பட்ட பகுதியின் வெப்பநிலை 2 டிகிரியாவது இறங்கியது என்றும், உடல் வெப்பநிலை அரை டிகிரிகூடக் குறையவில்லை என்றும் அவர்கள் தெரிவித்தார்கள். நடுக்கம் இல்லை, மயக்க மருந்தைக் கூட்ட வேண்டியதும் இல்லை. விலங்குச் சோதனைகளில் அடைப்பைத் திறந்த பிறகே குளிர்ச்சி நன்றாக உதவியது என்று மேலே சொன்னேனே, அதோடு இது பொருந்திப்போகிறது. அடைபட்ட குழாய்க்குள் குளிரும் போகாது, திறந்த குழாய்க்குள் போகும். திறந்தவுடன் ரத்தம் பாய்வதால் வரும் சேதத்தை அந்த நிமிடத்திலேயே தடுக்கலாம் என்பது எதிர்பார்ப்பு.

அடைப்பு திறந்தவர்களை உடனே உடல் முழுக்கக் குளிர்வித்துப் பார்த்த கொரிய ஆய்வு ஒன்று 2014ல் வெளியானது. 34.5 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தவர்களிடம் வீக்கமும் ரத்தக்கசிவும் குறைவாக இருந்தன. ஆனால் அதில் 75 பேர்தான், யாரைக் குளிர்விப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவும் இல்லை. இரண்டுமே நல்ல ஆரம்பங்கள். ஆரம்பத்தைச் சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது. விரைவில் பெரிய, குலுக்கல் முறை ஆய்வுகளில் இது நிரூபணமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மூளை வீங்கும்போது: குளிர்விப்பதா, மண்டை ஓட்டைத் திறப்பதா

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களில் ஒன்றான நடுத்தமனி முழுக்க அடைபட்டு மூளையின் ஒரு பக்கமே போய்விட்டால், இரண்டாவது நாளிலிருந்து அந்தப் பக்கம் வீங்கத் தொடங்கும். மண்டை ஓடு விரியாது. வீக்கம் நல்ல பகுதியையும் மூளைத்தண்டையும் நசுக்கும். அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் இறந்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு இதைவிடக் கடினமான நேரம் இல்லை.

1998ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 25 பேரை 33 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மண்டைக்குள் அழுத்தம் குறைந்தது, 14 பேர் பிழைத்தார்கள். அப்போது அது பெரிய செய்தி. ஆனால் வெப்பத்தை மீண்டும் ஏற்றும்போது அழுத்தம் திரும்பவும் எகிறியது. இறந்தவர்களில் பலர் அந்தக் கட்டத்தில்தான் இறந்தார்கள். குளிர் வீக்கத்தைத் தள்ளிப்போட்டது, தீர்க்கவில்லை.

மண்டை ஓட்டின் ஒரு பெரிய துண்டை எடுத்து வைத்துவிட்டு, வீக்கம் வெளியே வர இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை இதற்கு நேர்மாறாக உறுதியான ஆதாரத்தோடு நிற்கிறது. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளை 2007ல் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு உட்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 78 சதவீதம் உயிர்பிழைத்தார்கள், செய்யாதவர்களில் 29 சதவீதம். இரண்டு பேருக்குச் செய்தால் ஓர் உயிர். ஆனால் பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவை செய்தவர்களில் 43 சதவீதம் பேர்தான் பிறர் துணையின்றி நடக்கும் நிலையை எட்டினார்கள். மற்றவர்களில் பலர் எழுந்து நடக்கவே துணை தேவைப்படும் நிலையில் வாழ்கிறார்கள். வயது கூடக்கூட இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிறது. உயிர் முக்கியமா, எப்படிப்பட்ட உயிர் முக்கியமா என்பதில் நோயாளி முன்பு என்ன சொல்லியிருந்தார் என்பதுதான் பெரியது. ஒரு குடும்பம் வேண்டும் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். ஓட்டைத் திறந்த பிறகு 72 மணி நேரம் 33 டிகிரியில் வைத்த ஜெர்மானிய ஆய்வு 2019ல் வெளியானது. பாதுகாப்புக் காரணத்தால் 50 பேரோடு நிறுத்திவிட்டார்கள். 14 நாளில் குளிர்வித்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதக விளைவுகள், குளிர்விக்காதவர்களில் 29 சதவீதம். இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. ஓட்டைத் திறந்தவரைக் குளிர்விக்க வேண்டாம்.

காய்ச்சலைத் தடுப்பது

1996ல் கோபன்ஹேகனில் 390 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், மருத்துவமனைக்கு வரும்போது உடல் வெப்பநிலை ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் மோசமான விளைவுக்கான வாய்ப்பு 2.2 மடங்காகிறது என்று கண்டார்கள். காய்ச்சல் சேதத்தைக் கூட்டுகிறதா, பெரிய சேதம் காய்ச்சலைக் கூட்டுகிறதா என்பதை அந்த ஆய்வால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சூடேறிய மூளைக்கு ஆக்ஸிஜன் கூடுதலாக வேண்டும் என்பது நாம் மேலே பார்த்த கணக்கின் மறுபக்கம்தான்.

2011ல் ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. புது மருந்தோ பெரிய இயந்திரமோ கிடையாது. செவிலியர்கள் மூன்று விஷயங்களை ஒழுங்காகச் செய்தார்கள்: முதல் 72 மணி நேரம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்த்து 37.5 எட்டினாலே பாராசிட்டமால் கொடுத்தார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள், வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன்பு விழுங்கும் திறனைச் சோதித்தார்கள். 90 நாளில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்பவர்கள் 58 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். மூன்றும் சேர்ந்த பலன் இது, காய்ச்சல் தடுப்பின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இருந்தாலும் இத்தனை எளிய வேலைக்கு இவ்வளவு பலனா என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இதிலும் அளவு தாண்டக் கூடாது. காய்ச்சல் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தார்கள். 1400 பேரோடு 2009ல் ஓர் ஆய்வு, 66 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 1500 பேரோடு 2024ல் இன்னொன்று. இரண்டிலும் உறுதியான பலன் தெரியவில்லை. காய்ச்சலே வராதபடி இயந்திர மெத்தையால் வெப்பத்தைப் பிடித்துவைத்த ஆய்வும் 677 நோயாளிகளோடு 2024ல் வெளியானது. காய்ச்சல் குறைந்தது, ஆனால் நோயாளிகளின் இறுதி நிலை மேம்படவில்லை. ஆகவே விடாமல் கவனித்து, வந்தால் உடனே அடக்கி, ஏன் வந்தது என்று தேடுவதுதான் நிதானமான வழி. நுரையீரல் தொற்றா, சிறுநீர்த் தொற்றா, ஊசி குத்திய இடமா என்று பார்ப்பது காய்ச்சலைக் குறைப்பதைவிடவும் முக்கியம்.

ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்துக்கும் இதே பாதை பொருந்துகிறது. 7000க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு 2023ல் வெளியான ‘இன்டராக்ட்-3’ ஆய்வு, ரத்த அழுத்தத்தை விரைவாகக் குறைப்பது, சர்க்கரை, காய்ச்சல் கட்டுப்பாடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு அதன் விளைவை மாற்றுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்தபோது நோயாளிகள் நன்றாக மீண்டதைக் காட்டியது. குளிர்விப்புக்கு அங்கேயும் அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை.

குளிர்விப்பு ஆய்வில் சேர அழைத்தால்

பெரிய மருத்துவமனைகளில் இப்படி ஓர் அழைப்பு வரலாம். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கேள்விகள் தீர இதுதான் வழி, நோயாளிக்கும் அங்கே கூடுதல் கவனிப்பு கிடைப்பது உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேளுங்கள். குளிர்விப்புக்காக ஊசியோ கட்டியை எடுப்பதோ ஒரு நிமிடமாவது தாமதமாகுமா? ஆம் என்றால் வேண்டாம். உடல் முழுவதையும் குளிர்விக்கிறார்களா, மூளையின் அந்தப் பகுதியை மட்டுமா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? நோயாளி மயக்கத்தில் இருப்பாரா, விழித்திருப்பாரா? நடுக்கத்துக்கு என்ன கொடுப்பார்கள், நிமோனியாவை எப்படிக் கவனிப்பார்கள்? வெப்பத்தைத் திரும்ப ஏற்றும் வேகம் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு, மணிக்கு ஒரு டிகிரியில் சிறு பங்கு என்ற மாதிரி மெதுவான எண்ணோடு உடனே பதில் வந்தால் அந்தக் குழுவுக்கு வேலை தெரியும் என்று ஓரளவு நம்பலாம். நடுவில் விலகிக்கொள்ளலாமா என்பதையும் எழுத்தில் பாருங்கள். விலகும் உரிமை எப்போதும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உண்டு, அதனால் வழக்கமான சிகிச்சை எதுவும் குறையக் கூடாது.